யாரது வாத்தியார்

"துப்பாக்கியை எப்பங்க கையில தருவீங்க?" என்று கேட்டாள் ஜெயமேரி. வந்து பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"முதல் வாரம் தொடவே விடமாட்டேன் அம்மணி," என்றார் மரியதாஸ். "முதல் வாரம் கத்தத்தான் பழகோணும்."

மரியதாஸ் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஏற்காடு ஏரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுத் துப்பாக்கி சுடப் பழக்கிவிடுகிறார். பன்றி விரட்ட லைசென்ஸ் கேட்கிற எஸ்டேட்காரர்கள், பழகியதற்கு ஒரு சான்றிதழ் வைத்தால் மனு கொஞ்சம் வேகமாக நகரும் என்று அவரிடம் வருவார்கள். சேலத்தில் ரைஃபிள் கிளப் வந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

ஜெயமேரி பெங்களூரில் நர்ஸாக இருந்தவள். புருஷன் தவறிப்போன பிறகு, கொட்டச்சேட்டில் அவன் வழிக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள். தனி ஆள். பன்றிகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வாசல் வரைக்கும் வருகின்றன.

"சேலத்து கிளப்பையும் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். அங்க முதல் நாளே கையில குடுத்துடறாங்க. குறி வரைஞ்ச அட்டையைப் பாத்துச் சுட்டாப் போதும். மேல ஃபேன், நடுவுல டீ."

"அப்ப அங்கயே போயிருங்க. அட்டை எந்திரிச்சு நடக்காது, சுடறது சுளுவு," என்றார் மரியதாஸ். பிழைக்கத் தெரியாத மனுஷன். வந்த ஒரு ஆளையும் தானே பஸ் ஏற்றிவிடப் பார்த்தார்.

பஜாரில் அவருக்கு 'யாரது வாத்தியார்' என்று பெயர். மூடுபனி இறங்கினால் போதும், வாசலில் நின்று செடி அசைகிற பக்கமெல்லாம் "யாரது? யாரது?" என்று கூவுவார். டீக்கடையில் அதையே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, பனி வந்தால் சோறு இறங்காமல் தவிப்பது அவர்தானே?

அன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. கொட்டகையைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று போன ஜெயமேரியைக் காணோம். பின்பக்கம் காப்பிச் செடி மட்டும் லேசாக அசைந்தது.

"ஜெயமேரி அம்மணி!"

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டது கூப்பிடுவது மாதிரியே இல்லை, அலறல்.

"இங்கதானுங்க இருக்கேன்," என்று நிதானமாக வந்தாள் அவள்.

"காது மந்தமா அம்மணி? கூப்பிட்டா 'ஏனுங்க'ன்னு குரல் குடுக்கறதுக்கு என்ன? வாயுள்ள புள்ளைதான் பொழைக்குமுன்னு சும்மாவா சொன்னாங்க!"

"என்னமோ நெனப்புல நின்னுட்டேனுங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "நீங்க ஒரு ஆளைச் சுட்டுட்டீங்கன்னு பஜார்ல சொல்றாங்களே, நெசமுங்களா?"

மரியதாஸ் மறைக்கவில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஊருக்கே தெரியும்.

"நெசந்தான். எமர்ஜென்சி முடிஞ்ச வருசம். பன்னி விரட்டப் போனோம். இதே மாதிரி பனி. பக்கத்துல செடி அசைஞ்சுது, சுட்டுட்டேன். ஓடிப்போய்ப் பாத்தா கிறிஸ்துதாஸு. குப்பனூர்ப் பையன், நொம்ப நல்லவன். விபத்துன்னு சொல்லிக் கோர்ட்டு என்னை விட்டுருச்சு. அவன் விடலை."

"கூப்பிட்டுப் பாக்கலீங்களா?"

"மாதா மேல சத்தியமாக் கூப்பிட்டேன் அம்மணி! அவன் அந்தப் பக்கம் போனானேன்னு பேரைச் சொல்லியே கூப்பிட்டேன். ரெண்டு தடவை. இதோ இந்தச் சுவரு தூரந்தான். மனுசன்னா பதில் சொல்லமாட்டானா? ஏன் பேசாம நின்னான்? அதுதான் இத்தனை வருசமா என்னைத் தின்னுது. இப்பவும் பனியில அந்தப் பேரைச் சொல்ல வாய் வரமாட்டேங்குது. யாரதுன்னுதான் கேக்கறேன்."

ஜெயமேரி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். இனிமேல் இவள் சேலத்துக்குத்தான் போவாள் என்று மரியதாஸ் முடிவுகட்டிவிட்டார். கொலைகாரனிடம் யார் பழகுவார்கள்?

"நான் சேலத்துக்குப் போகலீங்க. இங்கயே பழகிக்கறேன்," என்றாள் அவள். "ஆனா இனிமே பழக வர்றவங்களுக்கு, மூணு தடவை கூப்பிடச் சொல்லிக் குடுங்க."

மரியதாஸுக்கு நெஞ்சில் இருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. "அதென்ன அம்மணி மூணு கணக்கு?"

"பனியில பேயி ரெண்டு தடவைதான் பேரைச் சொல்லிக் கூப்பிடுமாமுங்க. மூணாவது கூப்பிட்டாத்தான் மனுசன். அது வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு எங்க ஊட்ல சொல்லி வளத்தாங்க."

ரொம்ப நாளைக்குப் பிறகு மரியதாஸ் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல கதை போங்க! கிறிஸ்தவ வேதத்துல இருந்துக்கிட்டு இதையெல்லாம் யாரு அம்மணி நம்பறாங்க?"

ஜெயமேரி சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

"எந்தம்பி கிறிஸ்துதாஸ் நம்புனானுங்க."