மிஸஸ் ஹோல்கம் வைத்த பூங்கா

“இங்கயும் பூங்கா வைக்கப் போறீங்களா மேடம்? சொல்லிடுங்க, இப்பவே கூடாரத்தைச் சுருட்டிடறேன்.”

சோள ரொட்டிப் பொட்டலத்தோடு பாலத்தடியில் வந்து நின்ற மிஸஸ் ஹோல்கமைப் பார்த்ததும் வெண்டல் கூடாரக் கயிற்றை அவிழ்க்கப் போனான். போகமாட்டானா பின்னே? அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரிலிருந்து அவனை விரட்டியதே இந்த அம்மாள்தான்.

ஒரு சிறுமிக்குச் செய்த கொடுமைக்காக ஜெயிலில் இருந்தவன் வெண்டல். வெளியே வந்து, படுக்கையில் கிடந்த அம்மாவோடு தங்கினான். பூங்காவிலிருந்து ஆயிரம் அடிக்குள் அவனைப் போன்றவர்கள் குடியிருக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். அந்தத் தெருவில் பூங்கா ஏது? மிஸஸ் ஹோல்கம் அதே தெருவில் தன் வீட்டுக்கு எதிரே கிடந்த குப்பை மேட்டைச் சுத்தம் செய்ய வைத்து, ஊர்க் கவுன்சிலுக்கு மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, ஒற்றை ஊஞ்சலை மாட்டிப் ‘பூங்கா’ என்று பலகையும் அடித்துவிட்டாள். மறுவாரமே போலீஸ் அவனைக் கிளப்பிவிட்டது.

இப்போது மாவட்டத்திலேயே சட்டம் விட்டுவைத்திருப்பது இந்தப் பாலத்தடி ஒன்றைத்தான். இதுவும் போனால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

“பயப்படாதீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். பழைய மிடுக்கு குரலில் இல்லை. ஆனால் கண் மட்டும் கூடாரத்தையும் அடுப்பையும் அளந்துகொண்டிருந்தது.

“மழை பெஞ்சா ஆறு இதுவரைக்கும் வருமா?”

“அந்தக் கல்லு வரைக்கும் வரும்.”

“பனி கொட்டுறப்ப?”

“ரெண்டு கம்பளி இருக்கு. இன்னும் சாகலையே.”

“நீங்க எங்க இருக்கீங்கன்னு பாக்க கால்ல போலீஸ் ஒரு கருவி மாட்டியிருக்கே, அதுக்கு சார்ஜ் எங்க போடுறீங்க?”

“பெட்ரோல் பங்க்ல கெஞ்சிக் கூத்தாடணும். சார்ஜ் போச்சுன்னா மறுபடி ஜெயில்தான். எதுக்குக் கேக்குறீங்க? கவுன்சில்ல போய்ச் சொல்லவா?”

அவள் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

“உங்கம்மா போனப்ப உங்களால பக்கத்துல இருக்க முடியல. அது என்னாலதான்.”

“பகல்ல போய்ப் பாக்கலாம், ராத்திரி தங்கக் கூடாதுன்னாங்க. அம்மா ராத்திரியில போயிட்டாங்க.” வெண்டல் ஆற்றைப் பார்த்தான். “நான் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு எனக்கு அனுமதி இல்ல. நீங்க என்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது?”

“அப்ப ஊரையே காப்பாத்திட்டதா நெனச்சேன் தம்பி. அந்த ஊஞ்சல்ல இதுவரைக்கும் ஒரு குழந்தைகூட வந்து ஆடல.”

“அப்படின்னா கழட்டச் சொல்லுங்களேன்.”

“கவுன்சில்ல போய்க் கேட்டேன். நான் வாங்கிக் கொடுத்த கையெழுத்தையே எடுத்து என் முன்னால வைக்கிறாங்க.”

வெண்டலுக்குக் கொஞ்சம் மனசு இளகியது. ரொட்டியைப் பிய்த்து அவளுக்குப் பாதி நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. எழுந்து அடுத்த தூண்வரை நடந்துபோய், அங்கே தரையைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இங்க இன்னொரு கூடாரம் போட்டா உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?”

“யாருக்கு?”

“வெளியூர்ல இருந்த என் மகன் வெள்ளிக்கிழமை ஜெயில்லேர்ந்து வர்றான். உங்களோடது மாதிரி கேஸ்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது தம்பி, எதிர்லயே பூங்கா இருக்கு.”