ஒற்றையாள் பந்தி

சுதந்திர தினச் சமபந்தி விருந்தில் அமைச்சருக்குப் பக்கத்து இலை சின்னக்கறுப்பனுக்குக் கிடைத்தது. இளவயதில் இதே கோயில் மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்ததற்காக, முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் அவரை இழுத்து வெளியே தள்ளியிருந்தார்கள். இன்றாவது வயிறாரச் சாப்பிட்டுத் தன் இலையைத் தானே மடித்துவிட்டு எழ வேண்டும் என்று காலையிலிருந்து பட்டினி கிடந்தார்.

சமத்துவத்தைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசிக் களைத்திருந்த அமைச்சர், "கூச்சப்படாம சாப்பிடுங்கண்ணே, நாமெல்லாம் ஒரு தாய் மக்கள்" என்றார். "சார், இங்க கொஞ்சம் பாருங்க!" என்று போட்டோகிராபர் கத்தினார். ஒரு பிடி சோறு அமைச்சரின் வாயருகே போனது, வெளிச்சம் மின்னியதும் இலைக்கே திரும்பியது. அடுத்த ஊரில் இன்னொரு சமத்துவம் காத்திருந்ததால் அவர் எழுந்துவிட்டார். பெரிய மனிதர் எழுந்தால் பந்தியே எழுந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மண்டபமே எழுந்து அவர் பின்னால் வாசலுக்கு ஓடியது.

நீண்ட வரிசையில் சின்னக்கறுப்பன் மட்டும் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இலை எடுப்பவர்கள் இரண்டு முனையிலிருந்தும் நெருங்கி வந்தார்கள்.

"யோவ் பெருசு, பந்தி முடிஞ்சுபோச்சு. எந்திரி."

"யாரு சொன்னா? நான் உக்காந்துதானப்பா இருக்கேன்."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. வந்தவன் குனிந்து இலையின் நுனியைப் பிடித்தான். சின்னக்கறுப்பன் இடது கையால் இலையை அழுத்திக்கொண்டார்.

"ரசத்தை ஊத்தச் சொல்லு" என்றார்.