எட்டாம் கட்டில்

தறிகள் நின்றுபோனதிலிருந்து ஊரே தனியாரை விட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. வார்டில் தரையிலும் நோயாளிகள். பார்த்துக்கொள்ள நர்ஸ் எஸ்தர் ஒருத்திதான்.

காலையில் அவள் தவமணியிடம், "உங்க வூட்டுக்காரர் தூங்குறாருல்லக்கா, இந்த வரிசையில எந்த குளுக்கோஸ் பாட்டில் முடிஞ்சாலும் ஒரு குரல் குடுங்க" என்றாள். தவமணி கட்டில் கட்டிலாக நடந்தாள். பாட்டில் காலியாகும் முன்பே அவள் குரல் வந்துவிடும். எஸ்தருக்கு இன்னொரு கை முளைத்தது போலிருந்தது.

மதியம் பன்னிரண்டாம் கட்டிலுக்குக் குரல் கொடுத்துவிட்டுத் தவமணி திரும்பியபோது, அவள் புருஷனுக்கு மூச்சில்லை. எப்போது நின்றதென்று இருவருக்குமே தெரியவில்லை. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, அடுத்த வார்டுக்கு ஓடினார்.

எஸ்தர் என்னென்னவோ சொல்ல நினைத்தாள். "கொஞ்சம் உக்காருங்கக்கா, எழுதிக் குடுத்துடறேன்" என்றுதான் வாயில் வந்தது. போர்த்திய உடம்பின் கால்மாட்டில் தவமணி உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் எஸ்தர் எழுதிக்கொண்டே போனாள். இறந்த நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"சிஸ்டருங்" என்றாள் தவமணி. "எட்டாம் கட்டில்ல பாட்டில் முடியப்போவுதுங்."