மணலுக்குள் இருக்கும் மீன்

பெண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். இந்த மனுஷன் மீனுக்கு இறால் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

அதுவும் எந்த மீனுக்கு? முகத்தையே காட்டாத மீனுக்கு.

என் அக்கா சைனப்பை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மக்காசர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மச்சான் டாயெங் தொம்போ மட்டும் நேராகத் துறைமுகப் பக்கம் போய் ராஸ் என்ற ஒரு கடல்மீன் குஞ்சை வாங்கி வந்தார். கூடத்தில் அவருடைய கடல்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில் மீனை விட்டார். அக்காவின் மெத்தையை அதன் பக்கத்திலேயே தரையில் போட்டார்.

வந்தபோது அது விரல் நீளத்தில், பழுப்பாக, பார்க்கவே சகிக்கவில்லை. வளர வளரத்தான் சிவப்பும் நீலமுமாக நிறம் ஏறுமாம்.

"இது முழுசா நிறம் மாறட்டும். அதுக்குள்ள நீ எழுந்து நடப்பே" என்று அக்காவிடம் தினமும் சொல்வார். அவளும் தலையாட்டுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, வாலோரம் நீலம் பிடிக்கத்தான் செய்தது. அப்புறம் ஒரு மழை நாளில் ராத்திரி கரண்ட் போய்த் திடீரென்று வந்தது. விடிந்து பார்த்தால் மீனைக் காணோம்.

விளக்கு பளிச்சென்று எரிந்ததில் பயந்து மணலுக்குள் புதைந்துகொண்டது, இந்த ஜாதி தூங்குவதே மணலுக்குள்தான், கிளறக்கூடாது, தானாக வரும் என்றார் மச்சான்.

அன்றிலிருந்து இதே கூத்து. காலையில் தொட்டி விளக்கைப் போடுவார். இறாலைப் பொடியாக நறுக்கித் தூவுவார். மணலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவும் பார்ப்பாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்பேன்.

ஒரு நாள் அக்காவின் தலையணை நாறியது. கேட்டேவிட்டேன்.

"மீனுக்குப் பண்ற சேவகத்துல பாதியாவது இவளுக்குப் பண்ணக்கூடாதா மச்சான்? உறை மாத்தி எத்தனை நாளாச்சு?"

நான் அக்காவைக் குளிப்பாட்டிக் கூட்டி வருவதற்குள் மச்சான் புது உறை போட்டு, ரம்பை இலையெல்லாம் வைத்து மணக்க மணக்க வைத்திருந்தார். அக்கா படுத்ததும் படுக்காததுமாகத் தலையணைக்கு அடியில் துழாவினாள். தஸ்பீஹ் மணியைத் தேடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கையில் பட்டதும் முகம் தெளிந்துவிட்டது.

மச்சான் அடுப்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

சரி, இனியாவது திருந்துவார் என்று பார்த்தால், அதுதான் இல்லை. முன்னைவிட மோசம். "இன்னிக்கு மணல் அசைஞ்சுது, பாத்தியா?" என்று அக்காவிடம் கேட்கிறார். "ஆமா, நானும் பாத்தேன்" என்கிறாள் இவள். நல்ல ஜோடி.

அக்காவுக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் தொழுகைக்குப் போயிருந்த நேரம், அந்த மீனுக்கு ஒரு முடிவு கட்டிவிடுவோம் என்று நான் தொட்டிக்குள் கையை விட்டு மணலைக் கிளறினேன். ஒன்றுமே இல்லை.

"கையை எடு ஜும்ரியா" என்றாள் அக்கா. "அதுல மீன் இல்ல."

திரும்பிப் பார்த்தேன்.

கரண்ட் வந்த ராத்திரியே அது துள்ளி அவள் மெத்தையில் வந்து விழுந்ததாம். எழுந்து அதை உள்ளே போட அவளுக்குத் தெம்பில்லை. கையெட்டும் தூரத்தில் துடித்து அடங்கியதாம். விடிவதற்குள் எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

"தொட்டி மேல இருந்த வலை மறைக்குது, எடுத்துடுங்கன்னு கேட்டதே நான்தான். அவரு எனக்காக எடுத்தாரு. அதனாலதான் செத்துதுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு" என்றாள். மூச்சு வாங்கியது. "அந்த மீனை நம்பித்தான் மனுஷன் நடமாடுறாரு. நான் போறவரைக்கும் நம்பட்டும். போனப்புறமும் நீ சொல்லிடாதே."

சொல்லமாட்டேன் என்று அவள் தலையைத் தொட்டுச் சொன்னேன். அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவள் இல்லை.

மூன்றாம் நாள் ஓதல் முடிந்து, வந்தவர்கள் வாழையிலையில் கட்டி வேகவைத்த புராசா சோறு சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள். நான் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மச்சான் தொட்டியிலிருந்த மணலைக் கிண்ணத்தால் அள்ளி அள்ளி வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார். இன்னும் நாலு கிண்ணம் அள்ளினால் அடி தெரிந்துவிடும். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

"பாத்து அள்ளுங்க மச்சான்" என்றேன். "மீன் உள்ள இருக்கும்ல."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்கிட்ட சொல்லிட்டாளா?"

நான் வாளிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ உறை மாத்தச் சொன்னியே, அன்னிக்குத்தான் பாத்தேன். தலையணைக்கு அடியில கைக்குட்டையில சுத்தி வச்சிருந்தா."

"அப்பவே எடுத்துத் தூரப் போட்டிருக்கலாமே மச்சான்?"

"எடுத்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுமேம்மா" என்றார். "அதான் வாடை வராம ரம்பை இலையை வச்சு, மீனைத் திரும்ப அங்கேயே வச்சுட்டேன்."