கடைசி ஆள்

பாலத்துக்குக் கீழே விடியற்கால வெளிச்சம் தார்ச்சாலையில் சாம்பலாகக் கிடக்கிறது. சாய்ந்து விழுந்த பைக்கின் பின்சக்கரம் இன்னும் சுற்றுகிறது. அதன் பக்கத்தில் ஒருவன் தன் தங்கையின் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் காலிலிருந்து பிடுங்கிய ஷூவாலேயே அவளை அடிக்கிறான். ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல ஒவ்வொரு அடியும் பாலத்தடியில் எதிரொலிக்கிறது. ஷூவின் அடிப்பாகக் கோடுகள் அவள் கன்னத்தில் வரிவரியாகத் தடித்து எழும்புகின்றன. உதட்டு ரத்தம், ஓட்டக் குழுவில் கொடுத்த மஞ்சள் பனியனில் சொட்டுகிறது. “காலங்காத்தால கண்டவங்க கூட ஓட்டம் கேக்குதா உனக்கு? எங்கடி அவங்க? அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க, பாத்தியா?” அவள் சாலை வளைவையே பார்க்கிறாள். வேகமாக ஓடுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்பி வந்து, கடைசி ஆளைச் சேர்த்துக்கொண்டுதான் மேலே போவார்கள். குழுவின் அந்த வழக்கம் அவனுக்குத் தெரியாது. மறுபடி ஓங்குகிறான். வளைவிலிருந்து முதலில் சத்தம்தான் வருகிறது, தடதடவென்று இருபது கால்கள். பிறகு மஞ்சள் பனியன்கள். ஓங்கிய மணிக்கட்டை, குழுவில் முன்னால் ஓடி வந்த பஸ் டிரைவரின் கை பிடித்து முறுக்குகிறது. எலும்பு நெரிபட, அண்ணன் முழங்காலில் சரிகிறான். பத்துப் பேரின் மூச்சிரைப்பு அவனைச் சுற்றி நிற்கிறது. “ஷூவை அவ கால்ல போட்டு விடு,” என்று சொல்லிவிட்டுத்தான் டிரைவர் கையை விடுகிறார். தங்கை ரத்தத்தைத் துப்பிவிட்டு, வெறுங்காலை அவன் முன்னால் நீட்டுகிறாள். “நாடாவை இறுக்கிக் கட்டுண்ணா. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓடணும்.”