டாக்டரின் இருமல்

"மாத்திரையக் கூட்டியும் பிரஷர் எறங்கலியே! வேற மருந்து எதுனா சாப்புடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"எதுவும் இல்லீங்க" என்றார் மொய்னுதீன்.

"உப்பையே கண்ணுல காட்டறதில்லீங்க. அப்படியும் நேத்து தலை சுத்தி வுழுந்துட்டாரு" என்று மனைவி ஜஹபர் நிஷா கண்ணைத் துடைத்தாள்.

டாக்டருக்கு இருமல் வந்தது. விடாமல் இருமினார். மொய்னுதீனுக்கு மனசு கேட்கவில்லை; சட்டைப்பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து நீட்டினார்.

"அதிமதுரங்க. வாயில அடக்கிக்குங்க. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற தொண்டையாச்சே, எனக்கு நாள் முழுக்க இதான்."

டாக்டர் நிமிர்ந்தார். "அட பெரியவரே! பிரஷர ஏத்துறதே இதுதான். அப்புறம் என் மாத்திரை எங்க வேல செய்யும்? இன்னியோட வுட்டுடுங்க!"

அடுத்த மாதம் பிரஷர் இறங்கியிருந்தது.

மொய்னுதீன் டாக்டர் முன்னாலேயே நன்றியோடு கையேந்தினார். "யா அல்லா! டாக்டருக்கு நீ குடுத்தியே ஒரு இருமல், அதுக்கு ஆயிரம் ஷுக்ரு!"