கலங்கல்

டம்ளரில் மொண்ட தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

சுகந்தி அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் மொண்டாள். அதே நிறம்.

மண் அணையின் பின்சரிவு தரையைத் தொடுகிற இடம் அது. புல்லுக்கு நடுவே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எறும்புப் புற்றுபோல நுண்மண் குவிந்திருந்தது. காலையில் சுற்றி வந்தபோது இது இல்லை என்றார் ஐயம்பெருமாள். மதகு திறப்பதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை.

கசிவுக்கு அவள் பயப்படவில்லை. மண் அணை என்றால் கசியத்தான் செய்யும்.

தண்ணீரோடு மண் வருகிறது. அதுதான் பயம்.

அப்படியென்றால் கரைக்குள் எங்கோ துளை விழுந்துவிட்டது. இந்த வாயிலிருந்து உள்நோக்கி, அணைத் தண்ணீரை நோக்கி, அது அரித்துக்கொண்டே போகும். போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கரைக்குக் கீழே ஊர். ஓட்டுக் கூரைகள் மழையில் கறுத்துத் தெரிந்தன. சுகந்தி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். உதவிப் பொறியாளராக இந்த அணைக்கு வந்து அவளுக்கு இது முதல் மழைக்காலம்.

மதகுகளைத் திறக்கச் சொன்னாள். ஊரை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். மேலதிகாரிக்குப் போன் போட்டாள். மணலும் ஜல்லியும் லாரியில் கிளம்பிவிட்டன, ஆனால் தரைப்பாலம் முழுகிக் கிடக்கிறது, சுற்றி வரப் பொழுது சாய்ந்துவிடும் என்றார் அவர்.

அவ்வளவு நேரம் கரை தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

பிள்ளைகளை மேட்டில் விட்டுவிட்டு ஆட்கள் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள். ஊற்றின் வாயைக் களிமண் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். ஒருவர் களிமண் மூட்டையைத் தோளில் ஏற்றியும் விட்டார்.

சுகந்தி குறுக்கே போய் நின்றாள்.

"அடைச்சா வேற எடத்துல பிச்சுக்கிட்டு வரும். தண்ணி வரட்டும். மண்ண மட்டுந்தான் நிறுத்தணும்."

நேற்று வந்த பெண். அவள் பேச்சை நம்பி, கண்ணெதிரே ஒழுகும் அணையை அடைக்காமல் விடுவதா? அந்த யோசனை ஒவ்வொரு முகத்திலும் ஓடியது. அவளுக்கும் அது தெரிந்தது.

தோளில் மூட்டை வைத்திருந்தவர் அதை மெல்ல இறக்கி வைத்தார்.

அந்த மனிதரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

பருமணல் வேண்டும், ஜல்லி வேண்டும், இப்போதே வேண்டும், யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சொர்ணத்தாய் முன்னால் வந்தாள். கரையை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. வீடு என்று சொல்ல முடியாது. கடைக்கால் மட்டும் எழும்பியிருந்தது. புருஷன் போன பிறகு பீடி சுற்றிச் சுற்றி அவள் வாங்கிப் போட்ட மணலும் ஜல்லியும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. மழை விட்டதும் சுவர் எழுப்புவதாக இருந்தாள்.

"எங்கிட்ட கெடக்கும்மா. அள்ளிக்கிடுங்க."

வேறொன்றும் கேட்கவில்லை. தானே போய்த் தார்ப்பாயை உருவினாள்.

சட்டிகள் கைமாறின. ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி மண் மூட்டைகளை அடுக்கினார்கள். உள்ளே தண்ணீர் ஏறி நின்றதும் கொப்பளிப்பு சற்றுத் தணிந்தது. அதற்குள் முதலில் பருமணல். மேலே பொடி ஜல்லி. அதற்கும் மேலே பெரிய ஜல்லி. மணல் மண்ணைப் பிடிக்கும், ஜல்லி மணலைப் பிடிக்கும், தண்ணீருக்கு மட்டும் வழி இருக்கும். அடுக்கு மாறினால் பட்ட பாடெல்லாம் வீண். சுகந்தி உள்ளே இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று கையாலேயே பரப்பினாள். மேலே ஏறியபோது விரல் நுனிகளில் ரத்தம் கசிந்தது. அப்போது அது உறைக்கவில்லை.

பிறகு காத்திருந்தார்கள்.

மூட்டைகளுக்கு நடுவே விட்டிருந்த வழியில் தண்ணீர் வழிந்தது. பிடித்துப் பார்த்தாள். கலங்கல். கொட்டினாள். இன்னொரு சுற்று ஜல்லி போட்டார்கள். பிடித்தாள். கலங்கல்தான், ஆனால் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. யாரோ பீடி பற்றவைத்தார்கள். யாரோ இருமினார்கள்.

அடுத்த முறை டம்ளரின் அடி தெரிந்தது.

அவள் அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை. கையில் பிடித்தபடியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் சேறு அப்பிய முகங்கள். ஒவ்வொருவரிடமும் போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொர்ணத்தாய் வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. மேலதிகாரி. நின்றுவிட்டதா என்று கேட்டார்.

"இல்ல சார். வந்துக்கிட்டேதான் இருக்கு."

தெளிந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். அதற்குள் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அவள் மறுபடி நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

சொர்ணத்தாய் தன் கடைக்காலுக்கு அருகே குனிந்திருந்தாள். குவியல் முழுக்கப் போய்விட்டது. தரையில் ஒட்டிக் கிடந்த கடைசி மணலை இரண்டு கையாலும் வழித்து வழித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் 'வந்துக்கிட்டேதான் இருக்கு' என்றது மட்டும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சுகந்தி போனைப் புல்லில் போட்டுவிட்டு ஓடினாள்.